வடலூர் நாற்சந்தியும் ஒரு கிழிந்த டயரும்

வடலூர் என்றவுடன் தமிழ் மக்களின் நெஞ்சில் முதற்கண் எழுவது இராமலிங்க வள்ளலாரின் நினைவேயாகும். பசித்தோர்க்குச் சோறிடுவதற்கென 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து வருகின்றது. 1872-இல் எழுந்த எண்கோண வடிவான சத்திய ஞானசபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கிச் சோதி காட்டும் வேளையில் திரளும் மக்கட்கூட்டத்தைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இவ்விரண்டைப் பற்றியும் எழுதியோர் பலர். நாம் எழுதப் புகுந்தது வேறொன்று. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும், பண்ணுருட்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் ஊர் நடுவில், புங்கமர நிழலில் அமைந்த ஒரு சைக்கிள் கடையில் நாம் கழித்த பொழுதைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம்.

சுற்றியுள்ள நிலம் செம்மண் பூமி. முந்திரித் தோப்புகளும், பலா மரங்களும், சீமைக் கருவேலம் அடர்ந்த தரிசுகளும் மாறி மாறி வரும். மேற்கே பத்துக் கிலோமீட்டர் தொலைவில் நாம் குடியிருக்கும் நெய்வேலி. ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் 1930-களில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதும், 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதும், மறு ஆண்டே சுரங்கம் வெட்டும் பணி தொடங்கியதும் இப்பகுதிப் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்றுக்கொள்ளும் செய்திகள். எமது இளமைக் காலத்தில் ஷிப்டு மாறும் வேளையில் நெய்வேலிச் சாலைகளில் சைக்கிள் மணியோசை ஓயாது. இன்று அவ்விடத்தை மோட்டார் சைக்கிள்கள் பிடித்துக்கொண்டன. ஆயினும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளின் புண்ணியத்தால் சைக்கிள் கடைகள் முற்றும் மறைந்துவிடவில்லை.

ஆகஸ்டுத் திங்களின் இறுதி நாட்கள் அவை. வேளாங்கண்ணியில் 29-ஆம் நாள் கொடியேறும். அதற்குள் அங்குச் சென்று சேர வேண்டுமென்று எம் தமக்கை மகனும் அவன் நண்பர்கள் மூவரும் சென்னையிலிருந்து சைக்கிளிலேயே புறப்பட்டிருந்தனர். புதுச்சேரியில் இரவு தங்கிய பின், 27-ஆம் நாள் விடியற்காலையில் நண்பர்கள் கடற்கரைச் சாலை வழியே சிதம்பரம் நோக்கிச் சென்றனர். இவன் மட்டும் மாமன் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் அவர்களோடு சேர்ந்துகொள்வதாகச் சொல்லி, கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாக மேற்கே திரும்பினான். காலை ஒன்பது மணிக்கு நம் தொலைபேசி ஒலித்தது. "மாமா, வடலூர் சிக்னல் கிட்ட நிற்கிறேன். முன் டயர் கிழிந்துபோயிற்று" என்றான். நாம் உடனே பேருந்தேறினோம்.

அவனுடைய வண்டி, நம் தலைமுறையினர் அறிந்த கனத்த கறுப்புச் சைக்கிள் அன்று. 'ரோட் பைக்' என்று சொல்லப்படும் ஒல்லியான பந்தய வகை வண்டி. ஒரு கையால் தூக்கிவிடலாம். அதன் டயரோ நம் கட்டைவிரல் அகலந்தான் இருக்கும். நம் பழைய வண்டிகளில் சதுர அங்குலத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து பவுண்டு அழுத்தத்தில் காற்றடைப்போம். இவ்வகை வண்டிகளிலோ அதைப் போல் இரு மடங்கு அடைப்பார்கள். கல்லைப் போல் இறுகி நிற்கும் அந்த டயர் நல்ல சாலையில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் சாலையோரத்தில் கிடந்த ஏதோவொரு தகட்டு விளிம்பு அதனை ஒரு நொடியில் கீறிவிட்டது.

பிள்ளை கெட்டிக்காரன். கையிலிருந்த மாற்று டியூபைப் போட்டுக் காற்றடித்திருக்கிறான். அடித்த சிறிது நேரத்திலேயே, கிழிசலின் வழியாக டியூப் ஒரு நெல்லிக்காயைப் போல் பிதுங்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்ததாம். பதறிப்போய்க் காற்றைப் பாதிக்குமேல் இறக்கி, கிழிசலுக்கு உட்புறமாகப் பத்து ரூபாய்த் தாள் ஒன்றை நான்காக மடித்து வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டும் சிறிது ஓட்டிக்கொண்டும் வந்து சேர்ந்தான். பணத்தை டயருக்குள் வைக்கும் இந்த வித்தை எங்கிருந்து கற்றாய் என்று கேட்டோம். நெடுந்தொலைவு ஓட்டுவோரெல்லாம் அறிந்ததுதான் என்றான். ரூபாய் நோட்டுத்தாள் பருத்தி இழையால் ஆனதால் எளிதில் கிழியாதாம்.

கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். முன்பு சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக இருந்து, நிலக்கரியைச் சுமந்து செல்லும் கன்வேயர் பெல்ட்டுகளை இணைக்கும் பிரிவில் பல ஆண்டுகள் உழைத்தவராம். வண்டியைக் கண்டதும் அவர் வியக்கவுமில்லை, விலை கேட்கவுமில்லை. முதலில் டியூபைத்தான் எடுத்தார். டயரைப் பிரிக்குமுன், காற்றடைக்கும் வால்வு டயரின் எந்த எழுத்துக்கு நேரே இருக்கிறதென்று சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடிட்டுக்கொண்டார். டியூபில் ஓட்டை எங்குளது என்று தெரிந்துவிட்டால், டயரில் அதை உண்டாக்கிய பொருள் எங்கிருக்கிறதென்று அக்கோட்டைக் கொண்டே அளந்து கண்டுவிடலாம் அல்லவா? நாற்பதாண்டு சைக்கிள் ஓட்டிய நமக்கு இது தோன்றியதேயில்லை.

தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமிழ்த்திப் பார்த்தபோது குமிழிகள் வரவில்லை. புதிய டியூப் தப்பித்திருந்தது. பழைய டியூபில் மட்டும் ஒரு பொத்தல். உப்புத்தாளால் அவ்விடத்தைத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவிவிட்டு, வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். "ஈரத்தோடு ஒட்டினால்தான் பிடிக்கும் என்று அவசரப்படுகிறார்கள். காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும், ஐயா. கைவிரலில் ஒட்டக்கூடாது" என்றார். ஒழுங்காக ஒட்டிய டியூப் புதியதற்குச் சமமென்றும், ஒட்டு ஐந்தானாலும் ஆறானாலும் கவலையில்லை என்றும், வால்வின் அடி பிய்ந்துபோனால் மட்டுமே டியூபைத் தூக்கியெறிய வேண்டுமென்றும் அவர் சொன்னபோது, சிக்கனத்தில் ஊறிய நம் மனம் குளிர்ந்தது. டயருக்கும் இதே தீர்ப்புத்தான் கிடைக்கும் என்று எண்ணிவிட்டோம்.

டயரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற இக்கேள்வி டயரின் வயதை ஒத்தது என்று சொல்லலாம். காற்றடைத்த டயருக்கு 1888-இல் உரிமம் பெற்ற டன்லப் என்பவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர். தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடும்பொருட்டே அதை முதலிற் செய்தார். (தாம்சன் என்ற மற்றொருவர் 1845-லேயே இத்தகைய டயருக்கு உரிமம் பெற்றிருந்தது பின்னர்தான் தெரியவந்தது.) ஆனால் அக்காலத்து டயரைச் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டியிருந்தனர். 1889-இல் பிரான்சு நாட்டில், மிஷலின் சகோதரர்களின் ஆலைக்கு ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு வந்தார். டயரைப் பிரித்துச் சரிசெய்ய மூன்று மணி நேரமும், பசை உலர ஓரிரவும் ஆயின. மறுநாள் சிறிது தூரம் ஓட்டியதும் டயர் மீண்டும் காற்றிழந்தது. அந்த எரிச்சலிலிருந்தே கழற்றி மாட்டும் டயர் பிறந்தது. 1891-இல் பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகர் சென்று திரும்பும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் என்பார் வெற்றி பெற்றது அத்தகைய டயரில்தான்.

நம் நாட்டிலோ, பழுது பார்ப்பதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டோம். அம்பத்தூரில் சைக்கிளும் டயரும் உருவாகிவந்த அக்காலத்தில், சாதாரணக் குடும்பத்தில் ஒரு டயருக்கு மூன்று பிறவிகள் இருந்தன. பூக்கள் தேயும்வரை ஒன்று. தேய்ந்தபின் உள்ளே மற்றொரு பழைய டயரின் துண்டை வைத்து ஓட்டுவது இரண்டு. அதுவும் முடிந்தபின் செருப்புக்கு அடித்தோலாகவோ, வேப்பமரக் கிளையில் பிள்ளைகளின் ஊஞ்சலாகவோ, தெருவில் குச்சியால் தட்டி ஓட்டும் வண்டியாகவோ ஆவது மூன்று. எனவே, "உள்ளே ஒரு துண்டை வைத்துத் தைத்துவிடுங்கள், பையன் நாளை காலை புறப்பட வேண்டும்" என்று நாமே முந்திக்கொண்டு சொன்னோம். மருமகனும் அதையே விரும்பினான். அந்த டயரின் விலை, சாதாரண டயரின் விலையைப் போல் பல மடங்கு என்பதை அவன் முன்பே நம் காதில் போட்டு வைத்திருந்தான்.

கடைக்காரர் மறுமொழி கூறவில்லை. டயரை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி வளைத்து, கிழிசலை வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒரு நெல்மணியின் நீளந்தான் இருக்கும். வெளியே கறுத்த ரப்பரில் வெறும் கோடுபோல் தெரிந்தது, உள்ளே பார்த்தால் வாய் திறந்திருந்தது. இரு விளிம்புகளிலும் வெண்ணிற நூல்கள் மீசைபோல் நீட்டிக்கொண்டு நின்றன.

"டயர் என்பது ரப்பர் அன்று ஐயா, நூல்" என்றார் அவர். "ரப்பர் தரையில் தேய்வதற்கு. காற்றைப் பிடித்து நிறுத்துவது உள்ளேயுள்ள நூல். பெல்ட்டிலும் இப்படித்தான். மேல் ரப்பர் பெயர்ந்தால் சூட்டில் ஒட்டிவிடுவோம். உள்ளேயிருக்கும் எஃகு வடம் அறுந்தால் ஒட்டி ஓட்ட மாட்டோம். அந்தத் துண்டையே வெட்டியெடுத்து, வடத்தோடு வடம் சேர்த்துப் புதிதாக இணைப்போம். சைக்கிள் டயரில் அப்படி நூலோடு நூல் சேர்க்க வழியில்லை."

பிறகு நெய்வேலிக்காரருக்கே தோன்றக்கூடிய ஓர் உவமையையும் சொன்னார். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் தேங்கி நிற்கிறது. மேலே மண் கனமாக இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். மண்ணை அகற்றிய சுரங்கத்திலோ, அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், தரையையே பொத்துக்கொண்டு மேலே கிளம்பிவிடும். "தம்பியின் டயரில் அந்த நெல்லிக்காய் கிளம்பியது அப்படித்தான். நீங்கள் துண்டு வைக்கலாம். அது கொஞ்சம் தாங்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கிழிசல் ஒரு முறை திறந்து மூடும். மைலுக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பாருங்கள்."

அப்படியாயின் எல்லாக் கிழிசலுக்கும் டயரை மாற்ற வேண்டியதுதானா என்று சற்றுச் சினத்தோடே கேட்டோம். இல்லை என்றார். முள் குத்திய துளைக்கு டயரில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நெருஞ்சியோ கருவேலமுள்ளோ முறிந்து உள்ளே தங்கியிருக்கிறதா என்று மட்டும் துணியால் துடைத்துப் பார்த்து நீக்கிவிட வேண்டும். (வெறுங்கையால் தடவினால் விரலும் பஞ்சராகும் என்று சிரித்தார்.) தரையைத் தொடும் பகுதியில் ரப்பரளவில் நிற்கும் வெட்டுகளும் அஞ்சத்தக்கவையல்ல. கண்ணாடிச் சில் பதிந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுத்துவிட்டால் போதும். நூல் ஓரிரண்டு அறுந்திருந்தாலும், சதுர அங்குலத்துக்கு நாற்பது பவுண்டு காற்றடைக்கும் கனத்த வண்டியில் துண்டு வைத்து உள்ளூரில் ஓட்டலாம். ஆனால் பக்கச்சுவரில் ஏற்பட்ட வெட்டு, வீக்கம்போல் புடைத்த இடம், தேய்ந்து தேய்ந்து நூல் வெளியே தெரியும் பூ, உள்வளையக் கம்பி அறுந்த டயர் ஆகியவற்றை எவர் கொண்டுவந்தாலும் தாம் தொடுவதில்லை என்றார். ஒட்டுப்போட்டால் இவருக்குக் கூலி கிடைக்கும். ஒல்லி டயரோ இவர் கடையில் விற்பனைக்கே இல்லை. மாற்றச் சொல்வதால் அவருக்கு ஒரு காசும் இலாபமில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

இருந்தும் மருமகன் விடவில்லை. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தானே, மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன் என்று வாதாடினான். நாம் என்ன சொல்லப்போகிறோம் என்று எம் முகத்தைப் பார்த்தான்.

இவ்விடத்தில் நம் குடும்பச் செய்தி ஒன்றைச் சொல்லாமற் போவது நேர்மையாகாது. 1979-ஆம் ஆண்டு, நம் தமையனார் இரவுப் பணிக்கு நாளும் சைக்கிளில் சென்று வந்தார். அவர் வண்டியின் முன் டயரில், பக்கவாட்டில், புளியங்கொட்டை அளவில் ஒரு புடைப்பு. டயர் வாங்குவதற்காக எடுத்து வைத்திருந்த பணம், நம் கல்லூரித் தேர்வுக் கட்டணத்துக்குத் தேவைப்பட்டது. "சம்பள நாள் வரை தாங்கும் அண்ணா" என்று புடைப்பை விரலால் அழுத்திப் பார்த்துச் சொன்னவர் நாமே. நான்காம் நாள் இரவு, இறக்கமான சாலையில் அது வெடித்தது. பின் டயர் வெடித்திருந்தால் வண்டி தள்ளாடியிருக்கும், சமாளித்து நிறுத்தியிருப்பார். முன் டயராதலால் கைப்பிடி திரும்பிக்கொண்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டிலிருந்தார். அந்த ஆறு வாரமும் அவருக்குக் கூலி இல்லை. நம்மை அவர் ஒரு சொல்லும் கடிந்துகொண்டதில்லை. மழைக்காலத்தில் அத்தோளை அவர் தேய்த்துக்கொள்வதைக் காணும்போதெல்லாம் நாம் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"வேண்டாம், டயரை மாற்றிவிடுவோம்" என்றோம் மருமகனிடம். காரணம் சொல்லவில்லை. அன்றிரவு வீட்டில்தான் சொன்னோம்.

மாற்றுவதென்று முடிவு செய்த பிறகுதான் மற்றொரு தொல்லை தொடங்கிற்று. 'இருபத்தெட்டு' டயர் எந்தக் கடையிலும் கிடைக்குமே என்று எண்ணி, கடைத்தெருவுக்கு நடந்துபோய் ஒன்றை வாங்கி வந்தோம். கடைக்காரர் அதைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி சொன்னார். நம் நாட்டுக் கனத்த சைக்கிளின் 28-க்கு 1½ அங்குல டயரும், இந்த ஒல்லி டயரும் பெயரளவில் இருபத்தெட்டு என்றே வழங்கினாலும், முன்னது பொருந்தும் வளையத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர், பின்னது பொருந்துவது 622 மில்லிமீட்டர். பதின்மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டில் டயர் சக்கரத்தில் நிற்கவே நிற்காது. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் '25-622' என்று பொறித்திருப்பதை மருமகன் காட்டினான். முதல் எண் அகலம், இரண்டாம் எண் வளையத்தின் விட்டம். அங்குலக் கணக்கை நம்பாமல் இவ்விரண்டாம் எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் ஏமாற்றமில்லை. டயரைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கடைக்காரரின் முகம் அவ்வளவு மலர்ச்சியாக இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

புதுச்சேரியிலுள்ள ஒரு கடையோடு தொலைபேசியில் பேசினோம். மறுநாள் முதற்பேருந்தில் டயரை வடலூருக்கு அனுப்பி வைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். சிதம்பரத்தில் காத்திருக்கும் நண்பர்களுக்கும் செய்தி போயிற்று. அரை நாள் தாமதம், அவ்வளவே. அவர்கள் தில்லைக் கோயிலையும் பிச்சாவரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்களாம்.

நண்பகல் ஆகிவிட்டது. கடைக்காரர் எங்கள் இருவரையும் தருமச்சாலைக்குச் சென்று சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். எவர், எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்பாரில்லை. வரிசையில் அமர்ந்தோம், சோறும் குழம்பும் வந்தன. அந்த அடுப்பைப் பற்றி மருமகனிடம் சொன்னபோது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே அடுப்பு எப்படித் தாங்கும், கல்லையும் மண்ணையும் இடையிடையே மாற்றியிருப்பார்கள் அல்லவா என்று கேட்டான். அடுப்பை மாற்றியிருக்கலாம், நெருப்பை மாற்றவில்லை என்றோம். அவன் சிறிது நேரம் பேசாமல் உண்டான்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. அவர் செய்திருந்ததைக் கண்டு வியந்தோம். கிழிசலுக்கு உட்புறம், பழைய மெல்லிய டயரொன்றில் அரிந்தெடுத்த துண்டை, விளிம்புகளைச் சீவி மழுக்கி, ஒட்டி வைத்திருந்தார். ஒட்டுப்போட மாட்டேன் என்றவரா இதைச் செய்தார்? "இது வீடு போய்ச் சேருவதற்கு, ஐயா, கோயிலுக்குப் போவதற்கு அன்று" என்றார். அத்தோடு, நலமாயிருந்த பின் டயரைக் கழற்றி முன்சக்கரத்தில் மாட்டி, ஒட்டுப்போட்டதைப் பின்னுக்குக் கொண்டுபோயிருந்தார். காற்றையும் குறைத்தே அடைத்திருந்தார். விரைவாகத் தேய்வது பின் டயர்தான், உடல்எடையில் பெரும்பகுதி அதன் மேல் விழுகிறது. ஆனால் ஆளை வீழ்த்துவது முன் டயர். எனவே நல்லது எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டுமாம். நாளை புதியது வந்ததும் அதை முன்னே போட்டு, இப்போது முன்னே இருப்பதை மீண்டும் பின்னுக்கு அனுப்ப வேண்டுமென்றும் சொல்லி வைத்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதை ஒருவர் நமக்குச் சொல்லியிருந்தால், தமையனாரின் இரு டயர்களையும் இடம் மாற்றிப் போடவாவது தோன்றியிருக்கும்.

மாலை வெயில் தணிந்ததும் மருமகன் நெய்வேலிக்கு ஓட்டிச் சென்றான். நாம் பின்னாலேயே பேருந்தில் சென்றோம். மந்தாரக்குப்பம் செல்லும் பேருந்தின் சன்னல் வழியே, சாலையோரத்தில் அவன் முதுகு தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு டயர் வந்தது. நடத்துநர் அதைத் தம் இருக்கைக்கு மேலே மாட்டி, வளையம் நெளியாமல் கொண்டுவந்திருந்தார். சைக்கிள் கடைக்காரர் அரை மணி நேரத்தில் இரு சக்கரங்களையும் முடித்துவிட்டார். டயரை மாட்டும்போது இரும்புக் கரண்டியைத் தொடவேயில்லை, இரு கட்டைவிரல்களாலேயே உருட்டி ஏற்றினார். கரண்டியால் நெம்பினால் புதிய டியூபைக் கடித்துவிடுமாம். கூலியாக அவர் கேட்ட தொகையைச் சொன்னால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். மேலும் சிறிது கொடுக்க முயன்றோம். மருமகனின் பையில் ஒட்டுப்போட்டுத் தந்த பழைய டியூபையும் ஒரு சிறு சொல்யூஷன் குழலையும் வைத்துவிட்டு, கணக்கு சரியாகிவிட்டது என்றார்.

கிழிந்த டயர் தரையில் கிடந்தது. அதை என்ன செய்வது என்று மருமகன் கேட்டான். அவர் அதை எடுத்து, கம்பியுள்ள இரு விளிம்புகளையும் கத்தியால் அறுத்து நீக்கினார். கிழிசல் இருந்த பகுதியை வெட்டி எறிந்தார். மிச்சத்தை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒன்றை மட்டும் மருமகனிடம் நீட்டினார்.

"நோட்டை எடுத்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. வழியில் தேவைப்பட்டால் உள்ளே இதை வையுங்கள்."

அவன் அந்தப் பத்து ரூபாய்த் தாளை விரித்து நீவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சேத்தியாத்தோப்புச் சாலையில் திரும்பினான். மற்றத் துண்டுகளைக் கடைக்காரர் ஒரு பழைய பால்மாவு டப்பாவில் போட்டு மூடினார்.